மாமியின் கையும் பெரிய மாமியின் கையும்

கலியாணம் முடித்து உரும்பிராயில் மனைவியின் வீட்டுக்கு வந்து ஏழு வருடமாகியும் என் மாமியின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. மாமி என்றால் மனைவியின் தாய். ஒரே கூரைக்குக் கீழ்தான் இருந்தோம். ஆனால் எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். நான் விறாந்தையில் கால் வைத்தால் அவர் குசினிக்குள் போய்விடுவார். எனக்குக் குசினிப் பக்கம் போக நேர்ந்தால் முதலே இருமுவேன். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, எனக்குக் கசரோகம் என்று பக்கத்து வளவில் ஒரு கதைகூடக் கிளம்பியது.

என்னிடம் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் மாமி அதை முற்றத்தில் கட்டியிருந்த பசுக்கன்றிடம் சொல்வார்.

“கண்டுக்குட்டி, மிளகாய்க்குத் தண்ணி விட்டு நாலு நாளாச்சுது. வெயிலும் கொளுத்துது.”

நான் எழுந்து தோட்டத்துக்குப் போவேன்.

“கண்டுக்குட்டி, மழை வாற மாதிரிக் கிடக்கு. புகையிலையை உள்ளை எடுக்கிற ஆக்கள் எடுக்கலாம்.”

நான் எடுப்பேன். அந்தக் கன்று வளர்ந்து பசுவாகித் தானும் ஒரு கன்று ஈன்றது. மாமி புதுக் கன்றிடம் தொடர்ந்து கதைத்தார். வேறு யாருக்கும் இது கரைச்சலாக இருந்திருக்கும். எனக்கு நல்ல வசதி. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. இப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இனி வரும் என்று நினைக்கவில்லை.

மாமா தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். பொங்கலுக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும்தான் வருவார். ஆகவே வீட்டில் நான், மனைவி, மாமி, மாமியின் தமக்கை ஆகிய நாலு பேர். தமக்கையை நான் பெரிய மாமி என்பேன், அதுவும் மனதுக்குள். அவர் புருசனை இழந்தவர். வெள்ளைச் சீலையும் வெறுங்கையுமாக இருப்பார். அவரும் எனக்கு முன்னால் வருவதில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் மாமி தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். செம்பில் குடித்தவர் குடத்துக்கு வந்தார். உடம்பு வற்றியது. கால் பெருவிரலில் நெருஞ்சி முள் குத்திய இடம் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. ஒரு மாதம் கழியவில்லை, பெரிய மாமியும் குடம் குடமாகக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

“அக்கா எனக்குப் போட்டியாக் குடிக்கிறா,” என்று மாமி மகளிடம் முறையிட்டது அறைக்குள்ளிருந்து கேட்டது.

“எனக்கென்ன போட்டி. நாக்கு வறளுது, குடிக்கிறன். கிணறு உன்ரை சீதனமோ?”

“ஓம், என்ரை சீதனந்தான்.”

அது உண்மையாகவே மாமியின் சீதனக் கிணறு. பெரிய மாமி அன்றைக்கு இன்னும் ஒரு செம்பு கூடக் குடித்தார்.

ஊரில் இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. மாமி கொல்லைக்குப் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. பெரிய மாமி போய்வந்த இடத்தில் ஓர் எறும்பும் இல்லை. மாமிக்குச் சலரோகம் என்று முடிவாயிற்று. பெரிய மாமிக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பாசாங்கு என்றும் முடிவாயிற்று. பெரிய மாமி இதில் மிகவும் மனம் நொந்துபோனார். “எறும்பும் ஆள் பாத்துத்தான் வருகுது,” என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். தண்ணீரை மட்டும் விடவில்லை.

கடைசியில் மாட்டுவண்டி கட்டி இருவரையும் கோப்பாய்ப் பக்கம் ஒரு டாக்குத்தரிடம் கொண்டுபோனோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

“ரெண்டு பேருக்கும் வருத்தம் மெய்தான். ஆனால் ஒரே வருத்தமில்லை. உங்கடை மாமிக்கு மூத்திரத்திலை சீனி போகுது. மற்றவவுக்கு வெறுந் தண்ணி போகுது. அதுவும் ஒருவகைச் சலரோகந்தான், சீனி இல்லாத சலரோகம். கனபேருக்கு வராது.”

இந்தச் செய்தியைக் கேட்டதும் வண்டிக்குள் பெரிய மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று மனைவி சொன்னாள்.

இருவருக்கும் ஊசி மருந்து. மாமிக்கு இன்சுலின். பெரிய மாமியின் மருந்துக்குப் பிட்டியூட்டரி என்று பெயர். எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் அது நுழையாதபடியால் ஒன்று சீனி மருந்து, மற்றது தண்ணி மருந்து என்றாயிற்று. ஒன்று மாட்டின், பன்றியின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து எடுப்பது, மற்றது மாட்டின் மூளைக்குக் கீழே பயறளவில் இருக்கும் சுரப்பியிலிருந்து எடுப்பது என்று டாக்குத்தர் எனக்கு மட்டும் விளக்கினார். எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூடப் படலை தாண்டி உள்ளே வராது. ஆகவே வெளிநாட்டு மருந்து என்று மட்டும் வீட்டில் சொன்னேன். இன்றுவரை மேற்கொண்டு சொல்லவில்லை. இதை இருவரும் வாசிக்கமாட்டார்கள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

“கசாயம் மாதிரிக் குடிக்கேலாதோ?” என்று மனைவி டாக்குத்தரிடம் கேட்டாள்.

“ரெண்டும் புரதச்சத்துப் பிள்ளை. குடிச்சால் வயிறு பருப்பைச் செமிக்கிற மாதிரிச் செமிச்சுப்போடும். தோலுக்குக் கீழைதான் ஏத்த வேணும். ஆனால் ஒண்டு. மாறிப் போட்டிடாதேங்கோ. சீனி மருந்து சீனி இல்லாத ஆளுக்குப் போனால் வேர்த்து, நடுங்கி, கொடும் பசி எடுத்து மயங்கும். உடனை இனிப்புக் குடுக்காட்டில் ஆபத்து. தண்ணி மருந்து அம்மாவுக்குப் போனால் முகம் வெளுத்து வயித்தைப் பிடிச்சு முறுக்கும். அதாலை சாவு வராது. ஆனால் ஆள் செத்தாக் காணும், அது போதும் எண்டு நினைப்பா.”

பிறகு, வீட்டில் யார் ஊசி போடுவது என்று கேட்டார். மனைவிக்கு இரத்தம் கண்டால் மயக்கம் வரும். மாமா ஊரில் இல்லை. ஊசிக் குழாயில் இருக்கும் கோடுகளை வாசிக்கத் தெரிந்தவன், எட்டாம் வகுப்பு வரை படித்த நான் ஒருவன்தான். டாக்குத்தர் ஒரு கத்தரிக்காயைத் தந்து குத்திப் பழகச் சொன்னார். வீட்டிலும் நாலு நாள் பழகினேன். அந்த நாலு நாளும் கத்தரிக்காய்க் குழம்பை யாரும் தொடவில்லை.

கத்தரிக்காய்க்குக் கூச்சம் இல்லை. மாமிக்கு இருந்தது, எனக்கு அதைவிட இருந்தது. மருமகன் மாமியாரின் கையைப் பிடிப்பதா? அறை வாசலில் மனைவி ஒரு பழைய சீலையைத் திரையாகக் கட்டினாள். மாமி உள்ளே நின்று ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார். பார்க்காமல் குத்த முடியாது. பார்த்தால் மரியாதை இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதல் ஊசியைப் போட்டேன். கை உள்ளே போனது. அடுத்த கை வந்தது. அது பெரிய மாமியுடையது. காப்புப் போட்ட கை மாமி, வெறுங்கை பெரிய மாமி. இதில் குழப்பம் வர வழியில்லை.

இப்படியே ஒவ்வொரு காலையும் நடந்தது. ஊசி போட்ட பிறகு திரைக்கு அந்தப் பக்கம் மருந்துகளைப் பற்றிய வழக்கு ஆரம்பமாகும்.

“என்ரை மருந்து ஈரமணலுக்கை வைக்கிற மருந்து. சூடு பட்டால் பழுதாப் போடும். அவ்வளவு நுட்பமான சாமான்.” இது மாமி.

“உன்ரை ஒரு போத்தலையே ஒவ்வொரு நாளும் குத்திக் குத்தி எடுக்கிறது. எச்சில் மருந்து. எனக்கு நாளுக்கொரு கண்ணாடிக் குப்பி. கழுத்தை முறிச்சுப் புதிசா எடுக்கிறவர்.”

“எனக்கு இருபது கோடு. உனக்கு ஒரு சொட்டு.”

“சொட்டிலை வேலை செய்யிறதுதான் மருந்து. நான் இப்ப ஒரு செம்போடை நிக்கிறன். நீ இன்னும் குடத்தோடை நிக்கிறாய்.”

அதுதான் எல்லோரையும் வாட்டிய விசயம். பெரிய மாமியின் தாகம் ஒரு கிழமையில் அடங்கிவிட்டது. மாமியின் தாகம் குறையவில்லை. காற்புண்ணும் ஆறவில்லை. டாக்குத்தர் சொன்னபடி மனைவி வீட்டிலிருந்த சீனி, சர்க்கரை, பனங்கட்டி எல்லாவற்றையும் அயலவருக்குக் கொடுத்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் வெறுந் தேத்தண்ணிதான் குடித்தோம். மாமிக்குக் குரக்கன் பிட்டும் கீரையும். அப்படியும் சீனி இறங்கவில்லை. டாக்குத்தர் மருந்தின் அளவைக் கூட்டினார். பிறகும் கூட்டினார். கடைசியில் புண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“பத்து நாள் பாப்பன். இப்பிடியே இருந்தால் விரலை எடுக்க வேணும். அதுக்கும் நிக்காட்டில் கால்தான்.”

வீட்டுக்கு வந்த மாமி கன்றிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. மெலிந்த கையிலிருந்து காப்புகள் அரிசி களையும்போது கழன்று விழுந்தன. மனைவி அவற்றைத் துணியில் முடிந்து பெட்டகத்தில் வைத்தாள். அதன்பிறகு திரைக்கு வெளியே வந்தவை இரண்டு வெறுங்கைகள். இருவரும் ஒரு தாய் பிள்ளைகள், ஒரே நிறம், இப்போது ஒரே மெலிவு. மனைவி பக்கத்தில் நின்று, “இது அம்மா, இது பெரியம்மா” என்று சொல்வாள். நான் குத்துவேன்.

பத்து நாளில் ஆறாவது நாள் வெள்ளிக்கிழமை. இணுவிலில் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மாமிக்குக் கால் ஏலாது. பெரிய மாமி நல்ல காரியங்களுக்குப் போவதில்லை. மனைவி மட்டும் விடிய வெளிக்கிட்டாள். வண்டியில் ஏறியபின் சொன்னாள்:

“இஞ்சருங்கோ, முதல் வாற கை அம்மான்ரை. பிறகு பெரியம்மா. வழமை மாதிரித்தான்.”

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முந்தின நாள் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்து முடிந்திருந்தது. மூத்தவள் தான் இருக்க, தங்கச்சிக்கு ஒவ்வொரு நாளும் முதல் ஊசி போடுவது முறையோ என்று பெரிய மாமி கேட்டிருக்கிறார். காலை நினைத்துக் கலங்கியிருந்த மாமிக்கு வாதாடத் தெம்பில்லை. “சரி அக்கா, நாளைக்கு நீ முதல் நீட்டு,” என்றிருக்கிறார்.

முதல் கை வந்தது. சீனி மருந்து போட்டேன். இரண்டாம் கை வந்தது. குப்பியை முறித்துத் தண்ணி மருந்து போட்டேன். எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “இது ஆர்?” என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பதென்றால் மாமியோடு கதைக்க வேண்டும். கன்று முற்றத்தில் நின்றது. கேட்காமல் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தால் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாமி. முக்காடு இல்லை. புண்காலை இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். நான் மரியாதைக்கு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனார். ஒரு பாத்தி நிறையவில்லை, மறுபடியும் ஓடினார். நான் மறுபடியும் வேலியைப் பார்த்தேன். மூன்றாவது தடவை நடுவழியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் நின்ற கன்றைப் பார்த்துச் சொன்னார்:

“கண்டுக்குட்டி, வயித்தைப் போட்டு முறுக்குது. நான் செத்தாக் காணும்.”

டாக்குத்தர் சொன்ன அதே வார்த்தை. என் கையிலிருந்த மண்வெட்டி விழுந்தது. மாமிக்குத் தண்ணி மருந்து போயிருந்தால் சீனி மருந்து எங்கே போனது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. அன்றைக்கு வெள்ளி. பெரிய மாமிக்கு விரதம். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கமாட்டார்.

ஓடினேன். குசினி வாசலில் நின்று இருமினேன். பதில் இல்லை. இன்னொரு தரம் இருமினேன். இதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நான் வாசலில் நின்று இருமிக்கொண்டிருக்கிறேன். பிறகு உள்ளே போனேன்.

பெரிய மாமி நிலத்தில் இருந்தார். சீலை வேர்வையில் தோய்ந்திருந்தது. கை நடுங்கியது. மடியில் மாமியின் பிட்டுக் கோப்பை, வெறுமையாக.

“தம்பி,” என்றார். அவர் என்னை முதல்முதலாகக் கூப்பிட்டது அதுதான். “வெள்ளிக்கிழமை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் பசிக்குது. தங்கச்சியின்ரை பிட்டைத் திண்டிட்டன். இன்னும் பசிக்குது. நீங்கள் ஏன் ரெண்டு பேராய் நிக்கிறியள்?”

இனிப்பு வேண்டும். வீட்டில் ஒரு மணி சீனி இல்லை. சந்திக் கடைக்குப் போய்வர அரை மணித்தியாலம் ஆகும். முற்றத்துக்கு ஓடினேன். மாமி கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வழியில் நின்றேன்.

“மாமி,” என்றேன்.

மாமி முந்தானையால் முகத்தை மூடிக் கன்றின் பக்கம் திரும்பினார். “கண்டுக்குட்டி, அவர் வழியை விட்டால் நல்லது.”

“மாமி, கண்டை விடுங்கோ. மருந்து மாறிப்போச்சு. உங்களுக்குப் போட்டது பெரிய மாமியின்ரை. உங்கடை மருந்து அவவுக்குப் போட்டுது. இப்ப இனிப்புக் குடுக்காட்டில் ஆள் தப்பமாட்டா. பக்கத்திலை ஆரிட்டைச் சீனி இருக்கும்?”

மாமி முந்தானையை எடுத்தார். நான் அவர் முகத்தை நேரே பார்த்தேன். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. மூக்குத்தி போட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார்.

“ஆரிட்டையும் போக வேண்டாம்,” என்றார்.

“வேற என்ன செய்யிறது?”

“நெல்லு மூட்டைக்குப் பின்னாலை ஒரு பழைய கடகப்பெட்டி கவிட்டுக் கிடக்கு. அதுக்குக் கீழை பாருங்கோ.”

பார்த்தேன். ஓலையால் இழைத்த சின்னக் குட்டான்களில் பனங்கட்டி. ஒரு தகரப் பேணி நிறைய எள்ளுப்பாகு. உடைத்துத் தின்ற குட்டான்களின் வெற்று ஓலைகள் ஒரு குவியல்.

அப்போது நின்று யோசிக்க நேரமில்லை. பனங்கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பெரிய மாமியின் வாயில் வைத்தேன். “விரதம்,” என்று வாயை மூடினார். “நாளைக்குச் சனி விரதம் பிடியுங்கோ, இப்ப குடியுங்கோ,” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் அந்த வீட்டில் கதைத்ததில்லை. குடித்தார். இன்னொரு கோப்பை குடித்தார். எள்ளுப்பாகும் தின்றார். மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “அக்கா, என்னைப் பாரக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை கொல்லைக்கு ஓடிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

கால் மணித்தியாலத்தில் வேர்வை நின்றது. பெரிய மாமி கண்ணை நன்றாகத் திறந்து கையிலிருந்த எள்ளுப்பாகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்கையிருந்து வந்தது?”

மாமி நெல் மூட்டைப் பக்கம் திரும்பினார்.

“ஓ. நான் தண்ணி குடிச்சது போட்டி, நடிப்பு. நீ களவாப் பனங்கட்டி திண்டது என்ன? கால் ஏன் ஆறேல்லை எண்டு டாக்குத்தர் மண்டையை உடைக்கிறார்.”

“நீ என்ரை பிட்டைத் திண்டிருக்கிறாய் அக்கா.”

“அது உன்ரை மருந்து திண்டது. நான் திண்ணேல்லை.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் தம்பி, ஏழு வருசமா எங்கடை கையாலை சமைச்சதைத்தானே சாப்பிடுறியள். எது ஆற்றை கை எண்டு தெரியாதோ?”

சமைத்த கையை நான் பார்க்கவில்லை, கறியைத்தான் பார்த்தேன்.

மாமி நிலத்தில் இருந்துவிட்டார். “புண் ஆறாமல் கிடந்த நாளிலை இருந்து காலை வெட்டிப்போடுவாங்களோ எண்டு பயம்,” என்றார். “பயம் வந்தால் ஒரு கடி கடிப்பன். கடிச்சால் பிறகு கூடப் பயம் வரும். இன்னொண்டு கடிப்பன்.”

அவர் அதைக் கன்றைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆகவே நானும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

“மாமி, இன்னும் நாலு நாள் இருக்கு. பனங்கட்டியை நிப்பாட்டினால் விரல் தப்பும். ஆனால் அதை நிப்பாட்டிப்போட்டுக் கூட்டின அளவு மருந்தைப் போட்டால் உங்களுக்கும் இதுதான் நடக்கும். டாக்குத்தரிட்டை உண்மையைச் சொல்ல வேணும்.”

மாமி யோசித்தார். “எலி திண்டதெண்டு சொல்லுங்கோ.”

“எலிக்கோ ஊசி போடுறம்?” என்றார் பெரிய மாமி.

அன்று பின்னேரம் சைக்கிளில் போய் டாக்குத்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாறிப் போட்டதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து அளவைக் குறைத்து எழுதித் தந்தார். பெரிய மாமிக்கு அன்றிரவு சோறு குறையக் கூடாது என்றும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்தபோது மனைவியும் சடங்கு வீட்டிலிருந்து வந்திருந்தாள். பலகாரப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். உள்ளே மாமி, “தம்பி, டாக்குத்தர் என்ன சொன்னவர்?” என்று என்னிடம் நேரே கேட்டார். மனைவி பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டாள்.

“பலகாரத்தை வெளியிலை குடுத்துவிடு பிள்ளை,” என்றார் பெரிய மாமி. “எனக்கு இண்டைக்கு இனிப்புக் காணும்.”

அந்த நாலு நாளும் பெரிய மாமி நெல் மூட்டைக்கு முன்னால் பாயைப் போட்டுப் படுத்தார். பத்தாம் நாள் டாக்குத்தர் புண்ணைப் பார்த்து, இன்னும் பத்து நாள் பொறுப்போம் என்றார். அந்தப் பத்து நாள் முடியும்போது புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. விரல் இன்றும் இருக்கிறது. நகம் மட்டும் போய்விட்டது.

திரைச் சீலையை மனைவி அவிழ்த்து அடுப்படிக்குக் கைப்பிடித் துணியாகக் கிழித்துவிட்டாள். காப்புகள் மாமியின் கைக்குத் திரும்பி வந்தன. இப்போதெல்லாம் அவர் எனக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்துதான் கையை நீட்டுகிறார். ஆனால் பயந்தவன் பயந்தவன்தான். மருந்தை ஏற்றிவிட்டு, முகத்தைப் பார்த்து, காப்பையும் பார்த்து, ஒவ்வொரு காலையும் கேட்கிறேன்:

“மாமிதானே?”

“இல்லைத் தம்பி,” என்கிறார் மாமி. “கண்டுக்குட்டி.”